முப்பத்தேழு, முப்பத்தேழு

டீக்கடை வெந்நீர்க் கதையைப் பதினான்கு ஆண்டுகளாகச் சொல்லி வந்திருக்கிறேன். பிரிவு உபசார விழாக்களில், கல்யாணப் பந்திகளில், சங்கக் கூட்டங்களில் சொன்னேன். எங்கே சொன்னாலும் சிரிப்பார்கள். புயலில் ஊரே இருண்டு கிடந்தபோது டீக்கடைப் பாய்லர் தண்ணீரை வாங்கி வந்து ரத்தப் பரிசோதனை செய்தோம் என்றால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்?

சென்ற மாதம் எங்கள் பழைய ஆய்வகத்துக்குப் புதுக் கருவி ஒன்று வந்திருக்கிறது. குழாயை உள்ளே வைத்தால் போதும். சூடு, நேரம், அளவு எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். அதையொட்டி ஊழியர்கள் ஒரு மலர் போடுகிறார்கள். இப்போது ஆய்வகத்தின் பொறுப்பில் இருக்கும் ஷர்மிளா போன் செய்தாள்.

"சார், அந்த டீக்கடை கதைய எழுதிக் குடுங்க சார். புதுசா வந்த பசங்களுக்கு வாட்டர் பாத்னா இன்னான்னே தெரியல. படிச்சிட்டு சிரிக்கட்டும்."

சரி என்றேன். வழக்கமாகச் சொல்லும் பாதியை ஒரே மூச்சில் எழுதினேன். மறுபாதியை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எழுதியதைக் கிழித்துவிட்டு, அந்த மறுபாதியோடு சேர்த்து முதலிலிருந்து எழுதுகிறேன். சிரிக்க முடியாது. ஷர்மிளா மன்னிக்கவும்.

படிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேதியியலில் பட்டம், பிறகு ஆய்வக நுட்புநர் பட்டயம், அப்புறம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே வேலை. வில்லியனூரிலிருந்து பாகூர் போகும் வழியில் இருந்த ஒரு சிறிய மருத்துவமனை. அதன் பெயர் இங்கே தேவையில்லை. தவறு மருத்துவமனையுடையது அல்ல, என்னுடையது.

ஆய்வகத்தில் எனக்கு மேலே இருந்தவர் பிலோமினா அம்மா. அவருடைய அப்பா பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் வாங்கியவர். ஆகவே ஊரில் அவரைச் 'சொல்தா வூட்டுப் பொண்ணு' என்பார்கள். அறுபதை நெருங்கியபோதும் அப்படித்தான் சொன்னார்கள். அதட்டமாட்டார். தவறு செய்தால் "தப்பு" என்று சொல்லமாட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒரே வார்த்தை கேட்பார்: "எத்தினி?"

எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம், எத்தனை சொட்டு என்று எதையாவது நாம் பார்க்காமல் விட்டிருப்போம். அதைத்தான் கேட்பார். "சுமார்" என்று பதில் சொன்னால் மறுபடியும் அதே குரலில், "எத்தினி?"

அவருடைய வெள்ளைக் கோட்டுப் பையில் ஒரு தெர்மாமீட்டர் எப்போதும் இருக்கும். சோதனைக் குழாய்களை நிறுத்தும் வெந்நீர்த் தொட்டிக்குத்தான் வாட்டர் பாத் என்று பெயர்; பரிசோதனைப் பதிவேட்டில் அதன் வெப்பநிலைக்கு ஒரே ஒரு கட்டம்தான் அச்சிடப்பட்டிருந்தது. அவர் ஸ்கேல் வைத்துப் பென்சிலால் அதை இரண்டாகப் பிரித்து, தலைப்பில் 'வைக்கும்போது', 'எடுக்கும்போது' என்று எழுதிவிடுவார். ஒவ்வொரு புதுப் பதிவேட்டிலும் எல்லாப் பக்கத்திலும் கோடு போட இரண்டு நாள் ஆகும். நான் ஒருமுறை, "எதுக்கும்மா இவ்ளோ கஷ்டம், தொட்டி தானா முப்பத்தேழுலதான நிக்குது?" என்றேன்.

"தொட்டிய நம்புறியா? உன் கண்ண நம்பு தம்பி" என்றார். அவ்வளவுதான். தலையைத் தூக்காமல் கோடு போட்டுக்கொண்டே இருந்தார்.

அவருடைய இன்னொரு விதி கண்ட்ரோல். நோயாளியின் சீரத்தோடு, அதாவது ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த தெளிநீரோடு, அளவு ஏற்கெனவே தெரிந்த ஒரு சீரத்தையும் பக்கத்திலேயே வைத்துச் சோதிப்போம். தெரிந்தது சரியாக வந்தால்தான் தெரியாததை நம்பலாம். தெரிந்ததே தவறாக வந்தால் அந்தச் சோதனை முழுவதையும் கொட்டிவிட்டுத் திரும்பச் செய்ய வேண்டும். இதில் அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

ஏன் இத்தனை கெடுபிடி என்று புதியவர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பூச்சிமருந்து குடித்துவிட்டு வருகிறவர்கள் உண்டு; தெளிக்கும்போது மூச்சில் ஏறி மயங்கி விழுகிறவர்களும் உண்டு. குடித்தாரா இல்லையா என்று சந்தேகம் வந்தால் ரத்தத்தில் ஒரு நொதியின் வேலையை அளப்போம். சீரத்தை ஒரு கரைசலோடு சேர்த்து, உடம்புச் சூடான முப்பத்தேழு டிகிரியில் அரை மணி நேரம் வைப்போம். நொதி வேலை செய்தால் குழாயில் மஞ்சள் ஏறும். மஞ்சளின் அளவைக் கருவியில் படிப்போம். பூச்சிமருந்து உள்ளே போயிருந்தால் அது நொதியைக் கட்டிப்போட்டுவிடும். மஞ்சள் ஏறாது, குழாய் வெளிறியே இருக்கும்.

நொதிக்குச் சூடு ஒரு எல்லைவரை நல்லது. குளிர்ந்தால் மந்தமாகும், சூடேறினால் சுறுசுறுப்பாகும். எல்லை தாண்டினால் முட்டையின் வெள்ளைக்கரு போல வெந்துவிடும். வெந்த வெள்ளைக்கருவை எவ்வளவு ஆறவைத்தாலும் அது மறுபடி நீராகாது. அப்போதும் மஞ்சள் ஏறாது. மருந்து கட்டிப்போட்டதா, சூட்டில் வெந்துபோனதா என்று குழாய்க்குத் தெரியாது. இரண்டும் ஒரே வெளிறல்தான். இதைத் தெரிந்து வைத்திருக்கவே எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

அந்தப் புயல் அடித்தது மார்கழியில். மரங்கள் கம்பங்களின் மேல் விழுந்து, எங்கள் பக்கம் முழுவதும் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. ஜெனரேட்டர் அறுவை அறைக்கே போதவில்லை. ஆய்வகத்தில் ஒரு இன்வெர்ட்டர் இருந்தது. நிறத்தைப் படிக்கும் கருவியை அது இழுக்கும். வாட்டர் பாத்தின் ஹீட்டரைப் போட்டால் உடனே அலறி அணைந்துவிடும். பிலோமினா அம்மாவின் வீட்டு ஓடுகள் பறந்துபோய், அவர் ஒரு வாரம் விடுப்பில் இருந்தார். ஆய்வகம் என் கையில் இருந்தது. வரும் ஏப்ரலில் அவர் ஓய்வு பெற்றதும் பொறுப்பு எனக்கு என்று ஏறக்குறைய முடிவாகியிருந்த நேரம் அது.

எதிரே ஏழுமலையின் டீக்கடை. விறகடுப்பில் பாய்லர் எப்போதும் கொதித்துக்கொண்டிருக்கும். முதல் நாள் நானே ஒரு தூக்கில் வெந்நீர் வாங்கி வந்து, எவர்சில்வர் குண்டானில் பச்சைத் தண்ணீரோடு கலந்து, தெர்மாமீட்டர் வைத்து முப்பத்தேழுக்குக் கொண்டுவந்தேன். குழாய்களை அதில் நிறுத்தினேன். ஆற ஆறக் கொஞ்சம் வெந்நீர் விட்டேன். அழகாக வேலை செய்தது. டாக்டர்களே வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

மூன்று நாள் தெர்மாமீட்டரோடு செய்தேன். நான்காம் நாள் விரலே போதும் என்று ஆகிவிட்டது. குண்டானில் விரலை விட்டு "முப்பத்தாறரை" என்பேன். தெர்மாமீட்டரை வைத்தால் முப்பத்தாறரை காட்டும். நர்ஸுகள் கைதட்டினார்கள். நானும் பெருமைப்பட்டேன்.

அன்று முற்பகல் கோமதியைக் கொண்டுவந்தார்கள். இருபத்துமூன்று வயது. பிறந்த ஊர் பாகூர், வாழ்க்கைப்பட்டது சுத்துக்கேணியில் நெல்லும் கரும்பும் வைக்கும் ஒரு குடும்பத்தில். இடைவிடாத வாந்தி, பேதி, உடம்பெல்லாம் வேர்வை. அந்த வாரம் வெள்ளத் தண்ணீர் கிணறுகளில் கலந்து, பாதி ஊர் வாந்தியும் பேதியுமாகத்தான் வந்துகொண்டிருந்தது. அவளையும் அந்த வரிசையில் படுக்க வைத்திருப்பார்கள். ஆனால் கூடவே வந்த மாமியார் டாக்டரிடம் வேறு ஒன்று சொன்னார்.

"நேத்து வூட்டுல சண்ட டாக்டரே. கோவத்துல சோறு துன்னாம படுத்தா. கொல்லையில கரும்புக்கு அடிக்கிற மருந்து இருக்குது. எனக்கு என்னமோ பயமா கீது."

"பாட்டில் திறந்திருக்கா?" என்று டாக்டர் கேட்டார்.

"தெறக்கல. ஆனா வேற பாட்டிலு இல்லன்னு யாரு கண்டா?"

கோமதி படுக்கையிலிருந்து தலையை மட்டும் ஆட்டினாள். "இல்ல... நான் ஒண்ணியும் குடிக்கல."

டாக்டர் இளைஞர், நிதானமானவர். அவள் கண்ணில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "கண் பாப்பா சுருங்கின மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. உங்க ரிப்போர்ட்ட வெச்சிதான் முடிவு பண்ணணும். சீக்கிரம் குடுங்க."

ரத்தம் எடுத்தேன். சீரத்தைப் பிரித்தேன். கண்ட்ரோலையும் எடுத்துக்கொண்டு இரண்டு குழாய்களையும் குண்டானில் நிறுத்தினேன். விரலை விட்டுப் பார்த்தேன். கொஞ்சம் ஆறியிருப்பதுபோல் இருந்தது. வாசலில் நின்று ஏழுமலையைக் கூப்பிட்டேன். அவரே தூக்கோடு வந்தார்.

"இன்னா சார், ரத்தத்துக்குச் சக்கர கம்மியா, தூக்கலா?"

"ஸ்ட்ராங்கா போடுபா" என்றேன்.

அந்த நேரம் பார்த்து வார்டிலிருந்து கூப்பிட்டார்கள். ஒரு குழந்தைக்கு நரம்பு கிடைக்கவில்லையாம். "கொஞ்சமா ஊத்திட்டுப் போ" என்று சொல்லிக்கொண்டே ஓடினேன். எவ்வளவு ஊற்றினார் என்று பார்க்கவில்லை. குழந்தைக்கு நரம்பு கிடைக்க இருபது நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

திரும்பி வந்து குண்டானில் விரலை விட்டேன். சுரீரென்று சுட்டது. கையை உதறினேன்.

அந்த இடத்தில் நின்றிருக்க வேண்டும். இரண்டு குழாய்களையும் கொட்டிவிட்டு, மிச்சமிருந்த சீரத்தில் மறுபடி ஆரம்பித்திருக்க வேண்டும். அரை மணி நேரம் பிந்தியிருக்கும், அவ்வளவே. நான் செய்தது வேறு. ஒரு செம்புப் பச்சைத் தண்ணீரை ஊற்றினேன். பிறகு தெர்மாமீட்டரை வைத்தேன். முப்பத்தேழு காட்டியது. பதிவேட்டில் பிலோமினா அம்மா பென்சிலால் போட்டிருந்த இரண்டு கட்டங்களையும் நிரப்பினேன். வைக்கும்போது முப்பத்தேழு, எடுக்கும்போது முப்பத்தேழு.

அரை மணி முடிந்தது. இரண்டு குழாயும் வெளிறியே இருந்தன.

கோமதியின் குழாய் வெளிறியிருந்ததற்குக் காரணம் தயாராக இருந்தது. கண்ட்ரோல் ஏன் வெளிறியது? அதற்கு நான் ஒரு காரணம் தேடினேன். அது கையெட்டும் தூரத்திலேயே கிடைத்தது. பிரிட்ஜ் நாலு நாளாக ஓடவில்லை, கண்ட்ரோல் கெட்டுப்போயிருக்கும் என்று முடிவு செய்தேன். இந்த நொதி மார்கழிக் குளிரில், பிரிட்ஜே இல்லாமல் நாட்கணக்கில் தாங்கும் என்பது எனக்குத் தெரியும். கரைசல் பெட்டிக்குள் இருந்த துண்டுத்தாளிலும் அது எழுதியிருந்தது. தெரிந்தும், உண்மை சொன்ன குழாயைக் கெட்டுப்போனது என்று ஒதுக்கி வைத்தேன்.

'மிகக் குறைவு' என்று ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தன. டாக்டர் விஷமுறிவு ஊசியை ஆரம்பித்தார். விஷம் இருக்கிற உடம்புக்கு அந்த மருந்து உயிர்காப்பு. விஷம் இல்லாத உடம்பில் ஏற்றினால் வாய் உலரும், முகம் சிவக்கும், கண் அகல விரியும், புத்தி தடுமாறும். கோமதி இல்லாத நூலைப் போர்வையிலிருந்து பிடுங்க ஆரம்பித்தாள். யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். மாமியார் வாயில் சேலைத் தலைப்பை அடைத்துக்கொண்டு அழுதார். "மருந்து மூளைக்கு ஏறிடுச்சே!"

டாக்டருக்கு மட்டும் ஒரு நெருடல். "கொஞ்சம் ஊசியிலயே இப்படி ஏறிடுச்சே" என்று என்னிடம் சொன்னார். பிறகு அவரே சமாதானமும் சொல்லிக்கொண்டார். "லேசாத்தான் குடிச்சிருப்பா போல. ஆனா ரிப்போர்ட் அவ்ளோ கம்மியா இருக்கே."

திறக்காத பாட்டிலுக்கு ஒரு காரணம் இருந்தது. ஊசியின் வேகத்துக்கும் ஒரு காரணம் கிடைத்தது. கண்ட்ரோலுக்கு நானே ஒன்று கண்டுபிடித்திருந்தேன். அவள் சொன்னது ஒன்றுக்கு மட்டும் யாரும் காரணம் தேடவில்லை. ஸ்டேஷனுக்குத் தகவல் போயிற்று. ஒரு காவலர் வந்து வாக்குமூலம் எழுதிக்கொண்டு போனார்.

இரண்டு நாள் கழித்து மின்சாரம் வந்தது. நொதி எவ்வளவு தேறியிருக்கிறது என்று பார்க்க டாக்டர் கோமதிக்கு இரண்டாவது ரத்தம் கேட்டார். எடுத்தேன். நிஜமான வாட்டர் பாத் உறுமிக்கொண்டு சூடேறியது. முன்னேற்றத்தை ஒப்பிட்டுக் காட்டலாம் என்று நினைத்து, முதல் நாள் சீரத்தில் மிச்சமிருந்ததையும் புதுக் குழாயில் எடுத்து வைத்தேன். சந்தேகம் எதுவும் எனக்கு இல்லை. கண்ட்ரோலுக்குப் புதுப் புட்டி ஒன்றைத் திறந்தேன். ஏதோ நினைப்பில், கெட்டுப்போனது என்று ஒதுக்கிய பழைய கண்ட்ரோலையும் நான்காவதாக நிறுத்தினேன்.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நான்கு குழாய்களிலும் மஞ்சள் ஏறிக்கொண்டிருந்தது.

இரண்டாவது ரத்தம் மஞ்சளாவதற்குக்கூட ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். பழைய சீரம் எப்படி மஞ்சளாகும்? நான் 'மிகக் குறைவு' என்று எழுதிய அதே சீரம் அது. அது நல்ல எலுமிச்சை மஞ்சளாக, ஆரோக்கியமான ஓர் ஆளின் ரத்தமாக என் முன்னால் நின்றது. பக்கத்தில் கெட்டுப்போன கண்ட்ரோலும் ஒரு குறையும் இல்லாமல் மஞ்சளாக இருந்தது. அன்று சுட்ட விரல் அப்போது மறுபடி சுட்டது. நான் அவளுடைய நொதியைக் குண்டானில் வேகவைத்து, அவள் விஷம் குடித்தாள் என்று எழுதிக் கொடுத்திருந்தேன்.

அது தவறு. அதுவரை நடந்தது வெறும் தவறுதான். அடுத்துச் செய்தது தவறு அல்ல.

டாக்டர் அறைக்குப் போக முப்பது அடிதான் நடக்க வேண்டும். கதவுவரை போனேன். உள்ளே டாக்டர் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். ஏப்ரல் ஞாபகத்துக்கு வந்தது. பிலோமினா அம்மாவின் "எத்தினி?" ஞாபகத்துக்கு வந்தது. நர்ஸுகளின் கைதட்டல் ஞாபகத்துக்கு வந்தது. திரும்பி வந்தேன். நான்கு குழாய்களையும் கைகழுவும் தொட்டியில் கொட்டினேன். மஞ்சள் போகத் தண்ணீர் விட்டேன்.

பிறகு உட்கார்ந்து யோசித்து ஒரு எண்ணைக் கண்டுபிடித்தேன். இந்த நொதி மீண்டு வர வாரக்கணக்கில் ஆகும். ஆகவே இரண்டு நாளில் அது நன்றாக ஏறிவிட்டது என்று எழுதினால் மாட்டிக்கொள்வேன். கொஞ்சமாக ஏற்றினேன். 'குறைவு, சிறிது முன்னேற்றம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முதல் ரிப்போர்ட் என் அலட்சியம். இரண்டாவது ரிப்போர்ட் என் படிப்பு. பாடம் தெரியாதவன் இவ்வளவு பொருத்தமாகப் பொய் எழுதியிருக்க முடியாது.

அன்று மதியம் வார்டு வழியாகப் போனபோது கோமதிக்குப் புத்தி தெளிந்திருந்தது. பக்கத்தில் யாருமில்லை. என் கோட்டைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"ண்ணா, நீங்கதான ரத்தம் பாத்தீங்க? என் ரத்தத்துல இன்னா இருந்துச்சி? நான் குடிக்கலண்ணா. ரத்தத்துலயே கீதுன்றாங்கோ. குடிக்காம எப்பிடிண்ணா வரும்?"

நான் சொன்ன பதில்: "டாக்டரைக் கேளும்மா."

பிலோமினா அம்மா அடுத்த வாரம் வந்தார். வந்ததும் பதிவேட்டைத் திறந்தார். விரலை ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நிறுத்தினார். கண்ணாடி நெற்றிக்கு ஏறியது.

"வைக்கும்போதும் முப்பத்தேழு, எடுக்கும்போதும் முப்பத்தேழா? டீக்கட வெந்நீரு, மார்கழி மாசம். அர மணி நேரம் ஆறவே இல்லியா தம்பி?"

"ஊத்திக்கினே இருந்தேம்மா."

என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். அவர் பென்சிலை எடுத்து அந்த இரண்டு எண்களுக்கும் கீழே மெல்லிசாக ஒரு கோடு போட்டார். "எத்தினி?" என்று கேட்கவில்லை. நான் அவரோடு வேலை செய்த இத்தனை ஆண்டுகளில் அவர் அதைக் கேட்காமல் விட்ட ஒரே இடம் அது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. ஏப்ரலில் ஓய்வு பெற்றார். அடுத்த இரண்டு ஆண்டில் காலமானார். பொறுப்பு எனக்கு வந்தது.

கோமதி என்ன ஆனாள் என்பது ஏழுமலை மூலம் தெரிந்தது. டீக்கடைக்கு வராத செய்தி உண்டா?

"அந்தச் சுத்துக்கேணி பொண்ண வூட்ல சேக்கலயாம் சார். ரெண்டு வயசுக் கொயந்தைய அவுங்களே வச்சிக்கினாங்களாம். 'இன்னிக்கு அவ குடிச்சா, நாளைக்குக் கொயந்தைக்கு ஊத்திக் குடுத்தா இன்னா பண்றது'ன்றாங்களாம். அதுவும் நாயம்தான?"

டீ கையில் ஆறிப்போனது. நாயம்தான் என்று நானும் சொன்னேன்.

அந்த வருடம்தான் டீக்கடைக் கதையை முதல்முறை சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். சொல்லச் சொல்ல மெருகேறியது. சக்கரை கம்மியா தூக்கலா என்ற இடத்தில் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். கதையை அதோடு நிறுத்திவிடுவேன்.

ஓய்வு பெறுவதற்கு முந்திய மாதம், ரத்தம் எடுக்கும் நாற்காலியில் ஒரு பெண் வந்து உட்கார்ந்து கையை நீட்டினாள். சர்க்கரைப் பரிசோதனை. சீட்டில் பெயர் கோமதி. நான் நிமிர்வதற்குள் அவளே சொல்லிவிட்டாள்.

"உங்கள ஞாபகம் இருக்குதுண்ணா. அன்னிக்கு நீங்கதான் எடுத்தீங்க."

"எப்படிம்மா இருக்க?" என்றேன். வேறென்ன கேட்பது?

கம்பெனியில் பேக்கிங் வேலை என்றாள். அம்மா வீட்டில்தான் இருக்கிறாள். மகள் கீர்த்தனா எட்டாவது படிக்கிறாள், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்க விடுகிறார்கள்.

"முன்ன அதுகூட வுடல. குடிச்சேன்னு வாயால ஒத்துக்கோ, இனிமே பண்ணமாட்டேன்னு கொயந்த தலையில அடிச்சி சத்தியம் பண்ணு, அப்பதான் காட்டுவோம்னாங்க. ஒத்துக்கினேன். இப்ப பெருசாயிட்டா. 'ஏம்மா என்ன வுட்டுட்டு சாவப் பாத்த'ன்னு கேக்குறா." சிரித்தாள். "சொல்லிச் சொல்லி எனக்கே டவுட்டு வந்துடுச்சிண்ணா. வாந்தியில நெனப்பே இல்லியே, ஒருவேள குடிச்சித்தான் இருப்பேனோன்னு. ரத்தம் பொய் சொல்லுமா?"

ஊசி கையில் இருந்தது. குத்தினேன். ரத்தம் வரவில்லை. இரண்டாம் முறையும் வரவில்லை. குழந்தைகளுக்கே நரம்பு பிடிக்கிற என் கை, விம்மிப் புடைத்திருந்த நரம்பைத் தவறவிட்டது. இன்னொருவரைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டேன். அன்றும் சொல்லவில்லை. ஒரு பெண்ணின் பிள்ளையை மட்டும் அல்ல, அவளுக்கு அவள் மேல் இருந்த நம்பிக்கையையே எடுத்துவிட்டேன் என்ற அதிர்ச்சியில் வாய் வரவில்லை என்று மூன்று ஆண்டுகளாக எனக்கே சொல்லிக்கொண்டேன். அதுவும் ஒரு காரணம்தான். எனக்குக் காரணங்கள் சுலபமாகக் கிடைக்கும்.

ஷர்மிளா போன் செய்த மறுவாரம் பாகூருக்குப் பஸ் ஏறினேன். ஏரிக்கரைப் பக்கம் விசாரித்து அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். கோமதி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். குண்டான், விரல், பச்சைத் தண்ணீர், கெட்டதென்று ஒதுக்கிய கண்ட்ரோல், நான்கு மஞ்சள் குழாய்கள், யோசித்து எழுதிய எண்.

கோமதியின் டிபன் பாக்ஸ் கையிலேயே இருந்தது. பிறகு வாசல் பக்கம் திரும்பினாள்.

"யம்மா, நான் குடிக்கலயாம்."

இத்தனை வருடத்தில் நான் கேட்ட சொற்களில் அந்த 'யாம்' போல என்னை எதுவும் அடித்ததில்லை. தன்னைப் பற்றிய செய்தியை மூன்றாம் மனுஷியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள்.

அம்மாவின் கையிலிருந்து கீரைத்தண்டு விழுந்தது. எழுந்து வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏண்டி குடிச்சன்னு நானே இவள செருப்பால அடிச்சேன்யா" என்றார். "பெத்தவளே நம்பல. பதினாலு வருசமா நீ இன்னாய்யா பண்ணிக்கினு இருந்த?"

கதை சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று எப்படிச் சொல்வது? மன்னிப்புக் கேட்டேன். அதைக் கோமதி காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. அவள் வேறு ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்க வாயால சொன்னா ஆவாதுண்ணா" என்றாள். "நானும்தான் வாயால சொன்னேன். எவன் கேட்டான்? பேப்பர்ல இருந்ததுன்னுதான எல்லாம் நம்புனாங்க. பேப்பர்லயே எழுதிக் குடுங்க. கீர்த்தனாகிட்ட காட்டணும்."

"பேரை மாத்தி எழுதவாம்மா?"

"பேர மாத்தினா யாரோன்னு நெனைக்கும். என் பேரே போடுங்க."

பஸ் நிறுத்தம்வரை அவள் கூட வந்தாள். பஸ் வந்ததும், "அந்தப் பழைய கண்ட்ரோலு, அது கெடவே இல்லியாண்ணா?" என்று கேட்டாள். கெடவில்லை என்றேன். தலையாட்டினாள்.

டாக்டரைத் தேடிப் பிடித்து அவருக்கும் எழுதிவிட்டேன். மருத்துவமனைக்குக் கையெழுத்திட்ட கடிதம் கொடுத்துவிட்டேன். அவர்கள் எடுக்கும் நடவடிக்கை எதுவானாலும் ஏற்றுக்கொள்கிறேன். இந்த மலரின் ஒரு பிரதி கீர்த்தனாவுக்குப் போகிறது. ஆகவே நான் எழுதிப் பழகிய முறையிலேயே முடிக்கிறேன்.

திருத்திய அறிக்கை.
பெயர்: கோமதி. அன்றைய வயது: இருபத்துமூன்று.
மாதிரி: புயலுக்குப் பின் நான்காம் நாள் முற்பகலில் எடுத்த ரத்தம்.
வெப்பநிலை, வைக்கும்போது: பார்க்கவில்லை. எடுக்கும்போது: பார்க்கவில்லை.
கண்ட்ரோல்: சரியாக இருந்தது. சோதனை செய்தவன்தான் சரியாக இல்லை.
முடிவு: நொதி இயல்பான அளவு. பூச்சிமருந்து இல்லை.
குறிப்பு: நோயாளி அன்றே இதைச் சொன்னார்.